மருதோன்றி பூசிய கால்

இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு வந்து நான் நடக்கிறேன் என்று கேள்விப்பட்டு, எங்கள் ஊர் முரசுமோட்டையில் மூட்டு நோவுள்ள பெண்கள் பலர் என்னைப் பார்க்க வருகிறார்கள். நொந்ததா, பயமாக இருந்ததா, எத்தனை நாள் கிடந்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் ஆட்களின் முகம் பார்த்துக் கதைத்துப் பழகாதவள். "ஓம், பரவாயில்லை" என்று முடித்துவிடுவேன். இப்படியே, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எத்தனையோ பேரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

"அப்ப எழுதித் தாங்கோவன் அம்மா. வாறவைக்கு நான் வாசிச்சுக் காட்டுறன்" என்று மகள் வதனி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. மெல்லத்தான் எழுதுகிறது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் வயல் வரம்பில் சறுக்கி விழுந்தேன். வலது தொடை எலும்பின் மேல்முனை முறிந்துபோனது. முறிந்த தலையை எடுத்துவிட்டு, ஒரு உருண்டையும் அதற்குக் கீழே நீளமான கம்பும் உள்ள உலோகத்தைத் தொடை எலும்பின் குழாய்க்குள் இறக்கினார்கள். ஆறு மாதத்தில் நடந்தேன். நெல்லும் தூற்றினேன். அந்தப் பழைய உலோகத்தைக் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு என்னை எழுப்பி விட்டது அதுதான்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் நோவு தொடங்கியது. இருக்கும்போது ஒன்றுமில்லை. படுத்தாலும் ஒன்றுமில்லை. கதிரையை விட்டு எழும்பி முதல் நாலைந்து அடி வைக்கும்போது மட்டும், தொடையின் நடுவில் யாரோ ஆணியைத் திருகுவது போல இருக்கும். நடக்க நடக்கக் குறையும். அதனால் நான் ஒரு பழக்கம் பிடித்தேன். எழும்புவதற்கு முன் மூன்று மூச்சு எண்ணுவேன். மூன்றாவது மூச்சில் பல்லைக் கடித்துக்கொண்டு எழும்புவேன். ஆட்கள் இருந்தால், சீலையைச் சரி செய்வது போலக் குனிந்துகொண்டு எண்ணுவேன். ஒன்றரை வருடம் ஒருவருக்கும் தெரியாது. வதனிதான் ஒரு நாள் பிடித்தாள்.

"ஏனணை அம்மா, எழும்பும்போது மந்திரம் சொல்லுறனீங்களே?"

எலும்பு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். விடிய முதல் பஸ். பெரிய ஆசுபத்திரியின் நடைபாதையில் இருந்து காத்திருக்க நீள வாங்கு. நம்பர் துண்டுக்கு ஒரு வரிசை, எக்ஸ்றேக்கு ஒரு வரிசை, திரும்பவும் டொக்டருக்கு ஒரு வரிசை. என்னைப் போல எத்தனையோ பேர், எல்லாரும் ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி இருந்தார்கள்.

டொக்டர் இளந்தாரி. எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உலோகம் வெள்ளையாக இருந்தது. எலும்பும் வெள்ளைதான், கொஞ்சம் மங்கல். இரண்டுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு.

"இந்தக் கறுப்பு தெரியுதோ அம்மா? இது இடைவெளி. எலும்பு உலோகத்தை விட்டிட்டுது. நீங்கள் எழும்பேக்கை கம்பு உள்ளுக்கை ஆடுது. அதுதான் நோகுது."

"ஏன் ஐயா விட்டது?" என்று வதனி கேட்டாள். நான் கேட்கவில்லை.

"அது அந்தக் காலத்து வழுவழுப்பான சாதி. எலும்புக்குப் பிடிக்க ஒண்டும் இல்லை. இப்ப வைக்கிறது வேற." மேசை லாச்சியைத் திறந்து ஒரு கம்பை எடுத்து என் கையில் தந்தார். காட்டுவதற்கு வைத்திருப்பதாம். கீழ் நுனி மழமழ என்று இருந்தது. மேற்பாதியைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டேன். கோதுமை ரவையைத் தூவி ஒட்டிவிட்டது போல ஒரே சொரசொரப்பு.

"இந்தச் சொரசொரப்புக்குள்ளை எலும்பு வளர்ந்து போய்ப் பிடிக்கும். மேலை உருண்டை மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். ஏனெண்டால் அது ஆட வேண்டிய இடம். ஆடுற இடத்திலை சொரசொரப்பு இருந்தால் தேய்ஞ்சு தூளாகி, அந்தத் தூளே எலும்பைத் தின்னும்."

பிறகு அவர் வதனியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனால் ஒண்டு அம்மா. உங்கட தொடை எலும்பு மெலிஞ்சு போச்சு. இந்த முறை பிடிக்கோணும். இன்னொருக்கா எடுத்து வைக்க அதிலை எலும்பு காணாது."

அப்போது பயந்தேன். ஆனால் அந்தச் சொரசொரப்பு எனக்கு விளங்கியது. அதைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பின்சுவரின் கதையையும் சொல்ல வேண்டும்.

வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு வீடு வந்தபோது கட்டியவர் என் மருமகன் செல்வம். மேசன் வேலைதான் அவருக்கு. மலைநாட்டிலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேறிய குடும்பம். என்னை மாமி என்று சொல்லாமல் அத்தை என்பார். அவரும் நானும் நேருக்கு நேர் அதிகம் கதைப்பதில்லை. சாப்பாடு போட்டு மூடிவைத்துவிட்டு நான் குசினிக்குள் போய்விடுவேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பார். அதுதான் எங்கள் கதை.

பின்சுவருக்கு முதல் பூச்சுப் பூசி, அதன்மேல் ஆணி அடித்த பலகையால் கோடு கோடாகக் கீறிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் வந்து பார்த்தேன். ஐயோ, பிள்ளை அவசரத்தில் இப்படி அலங்கோலமாக விட்டுவிட்டுப் போகுதே என்று நினைத்தேன். கையைத் தண்ணியில் நனைத்து, குசினி நிலம் மெழுகுவது போல வளைத்து வளைத்துச் சுவர் முழுவதையும் தடவி மினுக்கி வைத்தேன். பிறந்த நாளிலிருந்து மெழுகிய கை. கீறல் கண்டால் சும்மா இருக்காது.

செல்வம் வந்து பார்த்தார். பலகையை எடுத்து எல்லாவற்றையும் திருப்பிக் கீறினார். வதனிதான் சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்னாள்: "அம்மா, கீறினால்தான் இரண்டாம் பூச்சுப் பிடிக்குமாம்!" அடுத்த மாரியில் கதவு மூலைப் பக்கம் மட்டும் பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது. நான் தடவிய குற்றம் என்று எனக்குத் தெரியும். அந்த மூலையைத் தாண்டும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும்.

ஆகவே டொக்டர் கையில் தந்ததைத் தொட்டதும், இது கீறிவிட்ட பூச்சு, எலும்புதான் இரண்டாம் பூச்சு என்று விளங்கிவிட்டது. இதில் நான் கை வைக்கக்கூடாது என்றும் விளங்கியது.

இரத்தம் எடுத்தார்கள். இடுப்பில் ஊசி போட்டு மூட்டுக்குள்ளிருந்து நீர் எடுத்தார்கள். பழைய கம்பு கழன்றது கிருமியால்தானோ என்று பார்க்கிற பரிசோதனை அது. கிருமி இல்லை. ஆனால் எனக்குப் பொருத்தமான அளவில் உலோகம் வர வேண்டும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். நாலு மாதம் போனது.

நாள் குறித்தபோது மாரி பிடித்துவிட்டது. கிணற்றடியெல்லாம் சேறு. நோவெடுத்த காலை என்னால் மடக்க முடியாது, குனிந்து விரலிடுக்கைத் துடைக்கவும் முடியாது. துடைத்து விடு என்று பெற்ற பிள்ளையிடம் கேட்கவும் வாய் வரவில்லை. அவள் என் காலைப் பிடிப்பதா? வலது கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தது. முதலில் அரிப்புக் கடி. பிறகு வெடிப்பு. பிறகு நீர் வடிந்தது.

எங்கள் பக்கத்தில் சேற்றுப்புண்ணுக்கு எல்லாரும் மருதோன்றி அரைத்துப் பூசுவார்கள். நானும் அரைத்தேன். குனிய முடியாதே, அதனால் வாழையிலைத் துண்டில் விழுதைத் தடித்துப் பரப்பி, கதிரையில் இருந்துகொண்டு அதன்மேல் காலை வைத்து அழுத்தினேன். ஒரு காலில் மட்டும் என்றால் கேட்பார்கள் என்று மற்றக் காலுக்கும் வைத்தேன். இரண்டு காலும் குங்குமம் போலச் சிவந்தன. கடி அடங்கியது. புண் ஆறி மாறிவிட்டது என்று நினைக்கவில்லை, மறைந்துவிட்டது என்று நினைத்தேன். அது போதும் என்றிருந்தது. நாள் தள்ளிப் போகக்கூடாது, அவ்வளவுதான் என் யோசனை.

வார்டில் சேர்த்த அன்று காலையில் ஒரு தாதி மிசி வந்தா. வாய் ஓயாத பிள்ளை. போர்வையை விலக்கிக் காலைப் பார்த்ததும் கையைத் தட்டினா.

"ஆத்தாடி! ஒப்பரேசனுக்குக் கலியாணப் பொம்பிளை மாதிரி எல்லோ வெளிக்கிட்டு வந்திருக்கிறா! மாப்பிள்ளை ஆர் அம்மா, டொக்டரோ?"

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். கணவர் செத்து ஒன்பது வருடமாகிவிட்ட பெண் நான். எனக்குக் கட்டிலுக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது.

"காலிலை புண் கிண் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டா.

"இல்லைப் பிள்ளை. பேத்தி சும்மா வைச்சு விட்டவள்."

எனக்குப் பேத்தி இல்லை. வதனிக்கு இரண்டும் பெடியன்கள். என் வாயில் அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுகமாக வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

மிசி எழுதிக்கொண்டு போய்விட்டா. பத்து மணிபோல டொக்டர் வந்தார். நாளைக்குக் காலமை முதல் ஆள் நான்தான் என்றார். கூட வந்த படிக்கிற பிள்ளைகளுக்கு ஏதோ ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திவிட்டு, என் முகம் வெறித்திருந்ததைக் கண்டாரோ என்னவோ, எனக்கும் தமிழில் சொன்னார்.

"அம்மா, அந்தச் சொரசொரப்பு எலும்புக்கு எவ்வளவு நல்ல இடமோ, கிருமிக்கும் அவ்வளவு நல்ல இடம். உள்ளுக்கு வைச்ச உடனை இரண்டும் ஓடி வரும். எலும்பு முந்திக் குடியேறினால் உங்களுக்கு வெற்றி. கிருமி முந்தினால் அதை அங்கையிருந்து எழுப்பேலாது. மருந்தும் போய்ச் சேராது. பிறகு எல்லாத்தையும் கழட்டோணும். அதுதான் உடம்பிலை எங்கை சின்னப் புண் இருந்தாலும் கேக்கிறது. பல்லு, தோல், காது, எது எண்டாலும்."

அவர் போன பிறகு நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது எங்கள் காணி நினைவுக்கு வந்தது. முற்றம் எது, கிணற்றடி எது என்று தெரியாமல் பற்றை மூடியிருந்தது. மூன்று வருடம் வெட்டினோம். வேர் இன்னும் முளைக்கிறது. முந்தி வந்தது போகாது. என் தொடைக்குள் அப்படி ஒன்று ஏறினால் வெட்டி எடுத்துத் திரும்ப வைக்க எலும்பு கிடையாது என்று அவர்தான் முதலே சொல்லிவிட்டாரே.

சொன்னால் நாளைக்கு ஒப்பரேசன் இல்லை. நாலு மாதம் காத்து வந்த உலோகம் இன்னொருவருக்குப் போகும். சொன்ன பொய்யும் வார்டு முழுக்கத் தெரியும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இதை மாறி மாறி நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பார்க்க வருகிறவர்களை விட்டார்கள். வதனி சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் கொண்டுவந்தாள். செல்வம் வழக்கம் போலக் கட்டில் கால்மாட்டில், யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். பிறகு எப்படி வந்ததோ, நேராக அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"தம்பி, பின்சுவரிலை கதவு மூலை நான் தடவினபடியால்தானே விழுந்தது?"

வதனி சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "இவவுக்கு என்ன பிடிச்சுது? ஒப்பரேசன் நேரத்திலை சுவர்க் கதை!"

செல்வம் யன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "இல்லீங்க அத்தை" என்றார். "நீங்க தடவினதை நான் திருப்பிக் கீறிட்டேன்ல. அந்த மூலையும் நல்லாத்தான் கீறியிருந்தேன். கீறிட்டு ரெண்டு நாள் வேலைக்கு வரல, ஞாபகம் இருக்கா? அதுக்குள்ள முத்தத்துல நெல்லுத் தூத்தினாங்க. தூசி பூராவும் கீறலுக்குள்ள போய் ஒக்காந்துருச்சு. மத்த இடமெல்லாம் கழுவினேன். கதவு தொறந்து கெடந்ததுல மூலை மறைஞ்சு போச்சு. கழுவாம பூசிட்டேன். தப்பு என்னோடது."

"இவ்வளவு காலமும் சொல்லேல்லையே தம்பி."

"நீங்க கேக்கல அத்தை. நீங்க எங்கூட பேசவே மாட்டீங்களே."

நான் போர்வையைத் தள்ளி வலது காலை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். "விரலை விரிச்சுப் பார் பிள்ளை" என்று வதனிக்குச் சொன்னேன்.

அவள் விரித்தாள். சிவப்புக்கு நடுவில் வெள்ளையாக ஊறிப்போய், வெடித்து, நீர் வடிந்துகொண்டிருந்தது.

"அம்மா, உங்களுக்கு விசரே? நாலு மாசம்! நாலு மாசமாய் எத்தினை பஸ் ஏறினனாங்கள்! இதை எனக்கு முந்தியே காட்டியிருந்தால் ஒரு கிழமையிலை மாத்தியிருப்பன். ஏனணை என்னட்டைச் சொல்லேல்லை?"

"உன்னைக் காலைத் துடைக்கச் சொல்ல எனக்கு வெக்கமாயிருந்தது."

அவள் அழத் தொடங்கினாள். செல்வம்தான் மிசியைக் கூப்பிடப் போனார். போகிற வழியில் திரும்பி, "கழுவிட்டுப் பூசுவம் அத்தை" என்றார்.

மிசி வந்து பார்த்தா. நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். வார்டில் எல்லாருக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. மிசி என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "நல்ல காலம் அம்மா, இண்டைக்குச் சொன்னீங்கள். நாளைக்குச் சொல்லியிருந்தால் நான்தான் அழுதிருப்பன்" என்றா.

நினைத்தபடியே நடந்தது. எனக்கு வந்த உலோகம் இன்னொரு அம்மாவுக்குப் போனது. அவவும் நடக்கிறா என்று கேள்விப்பட்டேன், சந்தோசம். எனக்குக் களிம்பு தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வதனி ஒவ்வொரு பின்னேரமும் என் காலைத் தன் மடியில் வைத்து, விரல் விரலாகத் துடைத்து, மருந்து பூசி, இடுக்குகளில் பஞ்சு வைத்தாள். முதல் இரண்டு நாள் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவள் உள்ளங்காலில் விரலால் கூச்சங்காட்டினாள். நான் சிரித்துவிட்டேன். அதோடு வெட்கம் போய்விட்டது. இவ்வளவுக்கா நான் அவ்வளவு பயந்தேன் என்று இருந்தது.

பொங்கலுக்குப் பிறகு அடுத்த உலோகம் வந்தது.

ஒப்பரேசன் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார்கள். நோகவில்லை. ஆனால் காது கேட்கும். முகத்துக்கு முன் பச்சைத் துணி. அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். உண்மையாகவே சுத்தியல்தான். கம்பை எலும்புக்குள் தட்டி இறக்குகிறார்கள். முதலில் டொக் டொக் என்று பொத்தலாகக் கேட்டது. இறங்க இறங்கச் சத்தம் மாறி, கடைசியில் டிங் டிங் என்று இறுகியது. செல்வம் பூசிய சுவரை விரலால் தட்டிப் பார்ப்பார், பொத்தல் சத்தம் கேட்டால் உள்ளே பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஆகவே டொக்டர் சொல்லுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது. "இறுகீட்டுது" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். துணிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். பிறகு டொக்டர் சிரித்து, "ஓம் அம்மா, இறுகீட்டுது" என்றார்.

எடுத்த பழைய கம்பைப் பார்க்க ஆசைப்பட்டேன். கேட்டே விட்டேன். மிசி பிறகு ஒரு தட்டில் கொண்டுவந்து காட்டினா. எவர்சில்வர் அகப்பைக் காம்பு போல மினுமினுத்தது. பன்னிரண்டு வருடம் எனக்குள் இருந்தும் ஒரு துளி எலும்பு அதில் ஒட்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆறு கிழமை வோக்கரைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலில் பாரம் போடாமல் பெருவிரலால் மட்டும் நிலத்தைத் தொட்டு நடக்க வேண்டும். எலும்பு வளரும்போது கம்பு ஆடினால் எலும்புக்குப் பதில் நார் போல ஒன்று வளர்ந்துவிடுமாம், அது பிடிக்காதாம். ஈரப் பூச்சில் சாய்வதில்லையே, அது போல. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி வைக்க எழும்பச் சொல்லி உடம்பு பதறும். "இருங்கோ!" என்று வதனி குசினியிலிருந்து கத்துவாள். செல்வம் வாசல்படியை உடைத்துச் சரிவாகப் பூசித் தந்தார். காய்வதற்கு முன் முற்றம் கூட்டுகிற ஈக்கில் தும்புத்தடியால் குறுக்கே கீறிவிட்டார், வோக்கர் வழுக்காமல் இருக்க. நான் தொடவேயில்லை. தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "தடவலையா அத்தை?" என்று கேட்டார். "நீர் போம் தம்பி" என்றேன். இப்போது இப்படியெல்லாம் கதைக்கிறோம்.

மூன்று மாதம் கழித்து எக்ஸ்றே. டொக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். நான் மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோட்டைத் தேடினேன். இல்லை. எலும்பின் மங்கலும் உலோகத்தின் வெள்ளையும் ஒன்றுக்குள் ஒன்று போயிருந்தன.

"முந்தினது ஆர் அம்மா?" என்று கேட்டார்.

"எலும்பு ஐயா" என்றேன்.

வெளியே வந்து வாங்கில் இருந்தேன். வதனி மருந்துத் துண்டு எடுக்கப் போனாள். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, என் வயதுதான், ஊர் தண்ணீரூற்றுப் பக்கமாம். மடியில் ஆசுபத்திரிப் பை. நாளைக்கு முழங்கால் ஒப்பரேசன், இன்றைக்கு வார்டுக்குப் போகக் காத்திருக்கிறாவாம். நான் சும்மா தலையாட்டினேன். பிறகு குனிந்து பார்த்தேன். செருப்புக்குள் இரண்டு காலும் குங்குமச் சிவப்பு.

முன்பின் தெரியாத ஆள். எப்படிக் கேட்பது? மூன்று மூச்சு எண்ணினேன், பழைய பழக்கம்.

"அக்கா, மருதோன்றி ஏன் வைச்சனீங்கள்?"

அவ காலைச் சீலைக்குள் இழுத்துக்கொண்டா. "பேத்தி சும்மா வைச்சு விட்டவள்."

"எனக்கும் ஒரு பேத்தி இருந்தவள்" என்றேன். "இல்லாத பேத்தி. விரலிடுக்கைக் காட்டுங்கோ அக்கா. வெக்கப்படாதேங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

அவ என் முகத்தைப் பார்த்தா. நானும் அவவின் முகத்தைப் பார்த்தேன். மெல்லக் காலை வெளியே நீட்டினா.

"இருங்கோ, மிசியைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று எழும்பி நடந்தேன். நடைபாதையின் அந்தத் தொங்கல் முனைக்குப் போன பிறகுதான் நினைவு வந்தது, எழும்பும்போது நான் மூச்சு எண்ணவில்லை.